மங்கை அளந்த கோடு

1

போன ஜனவரியில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா நடத்தியது. கான்பராவில் ஜனவரி என்றால் கொளுத்துகிற வெயில். பூங்காவில் நெருப்பு மூட்டத் தடை இருந்ததால் ஒருவர் வீட்டு அடுப்பிலேயே பொங்கி, பாத்திரத்தோடு காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். மரத்தடியில் வரிசையாக நின்று காகிதத் தட்டில் வாங்கிக்கொண்டோம். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் என் பக்கத்தில் நின்றார்.

"உங்க மிஸஸ் குவாசர் ஆராய்ச்சி பண்றாங்களாமே. என்ன கண்டுபிடிச்சிருக்காங்க?"

நான் குடிநீர் வாரியத்தில் வரைபடம் போடுகிறவன். குழாய் எங்கே வளைகிறது என்று கேட்டால் சொல்லுவேன். இதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பன்னிரண்டு வயது மகன் கதிர் முந்திக்கொண்டான்.

"எங்கம்மா ஒண்ணு இல்லேன்னு கண்டுபுட்ச்சாங்கோ அங்கிள். எல்லாரும் கீதுன்னு சொன்னாங்கோ. எங்கம்மா பாத்துட்டு, இல்லேன்ட்டாங்கோ."

டாக்டருக்கு விஷயத்தைவிட அந்தத் தமிழ்தான் அதிர்ச்சி. கதிரிடம் இருக்கிற தமிழ் மொத்தமும் ஒரு கோடை விடுமுறையில் அம்பத்தூர்த் தெருவில் பொறுக்கியது. மற்றதெல்லாம் ஆங்கிலம். இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்கிற வயது வந்துவிட்டது. அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பதில் வரும். அவனுக்கே தோன்றினால் மட்டும் இந்தத் தமிழ் வெளியே வரும், அதுவும் சபையில்.

டாக்டர் சிரித்துவிட்டு வடை இருந்த பக்கம் போய்விட்டார். பையன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த "இல்லை"க்கு என்ன மதிப்பு என்பது, அந்தக் கோடையில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் விளங்கும். பாதிக்கு மேல் நடந்தது அங்கே, அம்பத்தூரில். அதனால் அங்கே இருக்கிறவர்கள் படிப்பதற்காக எழுதுகிறேன்.

2

எனக்கு ஊர் ஆவடி. அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். மங்கைக்கு அம்பத்தூர். அவளுடைய அப்பா ஏழுமலை, அயனம்பாக்கம் ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்தவர். வயல்களெல்லாம் மனைகளாகப் போன பிறகு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போமே, அங்கே ஒரு சின்னக் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றி இறக்கப் போனார். அந்த வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் மங்கை. பி.எஸ்ஸி. இயற்பியல்.

நான் எஸ்டேட்டில் வேலை செய்தேன். காலையில் ஆவடியிலிருந்து ரயிலில் வந்து அம்பத்தூரில் நான் இறங்குகிற வண்டியில்தான் அவள் கல்லூரிக்கு ஏறுவாள். சாயங்காலம் அவள் இறங்குகிற வண்டியில் நான் ஏறுவேன். வண்டி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசிப் பேசியே கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டோம். என் வீட்டில் கொஞ்ச காலம் பேசவில்லை. கதிர் பிறந்ததும் பேசினார்கள். எண்பத்தாறின் கடைசியில் கைக்குழந்தையோடு ஆஸ்திரேலியா வந்தோம்.

வந்ததும் முதல் சிக்கல் பெயர். இங்கே எல்லா அலுவலகத்திலும் குடும்பப் பெயர் வேண்டும். மங்கைக்கு இனிஷியல்தான் உண்டு. கவுன்டரில் இருந்த பெண், "E என்றால் என்ன?" என்று கேட்டாள். "எங்க அப்பா பேரு, ஏழுமலை" என்றாள் இவள். அந்தப் பெண் அதையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த நாட்டில் என் மனைவி மிஸஸ் எஸுமலாய்.

இரண்டாவது, வேலை. பல்கலைக்கழகத்தில் "பிளேட்டுகளை அளக்க" பகுதிநேர ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. கேன்டீனில் தட்டு எண்ணுகிற வேலையாக இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம். போய்ப் பார்த்தால் வானியல் துறை. தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடிப் புகைப்படத் தகடுகளைத்தான் அவர்கள் பிளேட் என்கிறார்கள். அவற்றில் இருக்கும் மெல்லிய கோடுகளின் இடத்தை ஒரு கருவியில் வைத்து அளக்க வேண்டும். மங்கை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அளக்கிறவள் சும்மா அளக்கவில்லை. இந்தக் கோடு ஏன் இங்கே இருக்கிறது, பக்கத்துக் கோடு ஏன் இதைவிட அகலம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். துறைப் பேராசிரியர் சில மாதம் பதில் சொல்லிப் பார்த்துவிட்டு, "நீ மாணவியாகவே சேர்ந்துவிடு, எனக்கு வேலை மிச்சம்" என்றாராம். நம் ஊர்ப் பட்டம் இந்த ஊர்ப் பட்டத்துக்குச் சமமா என்று முடிவு செய்யவே பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடமும் அவள் தகடு அளந்தாள். பிறகு எம்.எஸ்ஸி., அப்புறம் முனைவர் பட்ட ஆராய்ச்சி. நடுவில் சமையல், கதிரின் காய்ச்சல், என் வேலை மாற்றம் எல்லாம்.

3

அவள் செய்கிற வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

குவாசர் என்பது மிக மிகத் தொலைவில் இருக்கும் ஒரு கேலக்ஸியின் நடுப்பகுதி. அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிற அளவுக்குப் பிரகாசம். அதிலிருந்து வெளிச்சம் கிளம்பி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. வருகிற வழியெல்லாம் வாயு மேகங்கள் நிற்கின்றன, பெரும்பாலும் ஹைட்ரஜன். ஒவ்வொரு மேகமும் தனக்கு உரிய நிறத்தை அந்த வெளிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இங்கே வந்து சேரும் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால், எடுத்துக்கொண்ட இடமெல்லாம் இருட்டுக் கோடுகளாகத் தெரியும். பார்ப்பதற்குப் பல் உடைந்த சீப்பு மாதிரி இருக்கும். மேகம் இருக்கும் தூரத்துக்கு ஏற்பக் கோடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். ஆகவே ஒரே ஒரு குவாசரின் வெளிச்சத்தில், வழியில் இருக்கும் நூற்றுக்கணக்கான மேகங்களும், அவை எந்தக் காலத்தில் எப்படி இருந்தன என்பதும் பதிவாகி இருக்கிறது.

அந்தப் பழைய மேகங்களில் எல்லாரும் தேடியது டியூட்டீரியம். கனமான ஹைட்ரஜன். பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் உண்டானது. அதற்குப் பிறகு நட்சத்திரங்கள் அதை அழித்திருக்கின்றனவே தவிர உண்டாக்கவில்லை. பழைய மேகத்தில் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்துவிட்டால், பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் மொத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அதன் கோடு ஹைட்ரஜன் கோட்டுக்குப் பக்கத்திலேயே, நீலப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடக் கடைசியில் மங்கை வேலை செய்த ஒரு குவாசரில் சரியாக அந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. பேராசிரியர் அன்று அவளைக் காரில் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வாசலில் நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்டுபிடித்தது நான் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஜூலையில் ஐரோப்பாவில் ஒரு மாநாடு. அதில் அறிவிப்பதாக முடிவாயிற்று. மங்கையின் ஆராய்ச்சி ஏட்டில் அதுதான் பெரிய அத்தியாயம். உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. இந்த அறிவிப்பு வந்தால் துறையிலேயே வேலை கிடைப்பது நிச்சயம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

4

அந்தச் சமயத்தில் இரண்டாவது குழந்தை உண்டாகியிருந்தது. இங்கே பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஏப்ரலில் மூன்று பேரும் அம்பத்தூர் போய்ச் சேர்ந்தோம். மங்கை புடவைகளுக்கு நடுவே பத்திரமாக ஃபிளாப்பிகள் வைத்திருந்தாள். கடைசியாக எடுத்த சில பதிவுகளை அவள் இன்னும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அதை முடித்து அனுப்ப வேண்டும்.

ஏழுமலை மாமா வீட்டில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? மங்கையின் தம்பி சேகர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். அவன் கூட்டாளி பாஸ்கர், ஓ.டி. பஸ் ஸ்டாண்டு அருகே மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். பேசிக், கோபோல் என்று கம்ப்யூட்டர் மொழிகள் சொல்லித் தருகிற இடம்.

"மத்தியானத்துல கிளாஸ் இல்லக்கா," என்றான் பாஸ்கர். "நீங்க வந்து ஒக்காந்துக்கோங்க. உள்ள இருக்கறதுலயே பெரிய மிஷின் அதான். ஆனா ஒண்ணு, கரண்டு எப்ப போவும்னு நான் சொல்ல முடியாது."

மங்கை தினமும் சாப்பிட்டுவிட்டு, குடை பிடித்துக்கொண்டு போவாள். ஒரு கணக்கு ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் பேட்டரியில் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்போதெல்லாம் பாஸ்கர், சீக்கிரம் வந்துவிட்ட மாணவர்களைப் பார்த்துக் குரல் கொடுப்பான்.

"டேய், ஃபேன ஆப் பண்ணுங்கடா. அக்கா கணக்கு ஓடிகினு கீது."

சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அந்தப் பையன்களும் பெண்களும் புத்தகத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. திரையில் மெல்ல வளர்கிற அந்த வளைகோட்டை எல்லாருமே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் மாமா மோர் கொண்டுவந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா தாயி இது?"

"இது ஒரு வெளிச்சம் நைனா. ரொம்பத் தூரத்துலேர்ந்து வருது. பூமியே உண்டாவறதுக்கு முன்ன கெளம்புனது."

"அப்போலேர்ந்து வந்துகினு கீதா?"

"ஆமா நைனா."

"அணையவே இல்லியா?"

"அணையல. நம்மகிட்ட வர்ற வரைக்கும் வந்துகினேதான் கீது."

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மங்கை சிரிக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து அவருக்கும் ஸ்டூலில் இடம் கொடுத்தாள்.

5

மே மாதத்தில் ஒருநாள் கதிரை அழைத்துக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனேன். கணக்கு முடிந்திருந்தது. மங்கை வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். உடம்புக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன்.

"ஏங்க," என்றாள். "இது டியூட்டீரியம் இல்ல."

"என்ன சொல்ற?"

"கனமான அணு மெதுவாத்தான் அசையும். அதனால அதோட கோடு மெலிசா இருக்கணும், ஹைட்ரஜன் கோட்டைவிட மெலிசா. முதல்ல போட்ட கணக்குல, இது டியூட்டீரியந்தான்னு வச்சுக்கிட்டு அகலத்தை நாங்களே குடுத்துட்டோம். அப்ப பதிவு கம்மி, வேற வழியில்ல. இப்ப புதுசையும் சேத்து, அகலத்தை நீயே சொல்லுன்னு கம்ப்யூட்டர்கிட்டயே விட்டுட்டேன். ஹைட்ரஜனவிட அகலமா வருது."

"அப்ப இது என்ன?"

"வேற ஒரு சின்ன ஹைட்ரஜன் மேகம். அந்த எடத்துல வந்து நின்னுட்டிருக்கு. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகும் அவள் விட்டுவிடவில்லை. ஒரு நாள் பதிவை நீக்கிவிட்டுப் பார்த்தாள். இரண்டு மேகம் என்று வைத்துப் பார்த்தாள். பின்னணி வெளிச்சத்தின் அளவை மாற்றிப் பார்த்தாள். கோடு மெலியவில்லை. வீட்டில் சாதம் பிசைந்துகொண்டே வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

சேகருக்கு விஷயம் பாஸ்கர் மூலம் தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது கேட்டான்.

"அக்கா, நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியும்?"

"இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. பெரிய டெலஸ்கோப் வருது. நாலஞ்சு வருசத்துல தெரிஞ்சுடும்."

"அதுக்குள்ள உனுக்கு வேலை கெடச்சிடும் இல்ல? அந்த சாரே கீதுன்னு சொல்றாரு. அப்பால தப்புன்னு வந்தா, அவருதான பதில் சொல்லணும்?"

மங்கை தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "டேய் சேகரு, அவங்களுக்கெல்லாம் நாலஞ்சு வருசம் கழிச்சுத்தான் தெரியும். எனுக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சே," என்றாள். பிறகு ரசம் கேட்டாள்.

 

6

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த எஸ்.டி.டி. கடைக்குப் போனோம். ஃபேக்ஸ் வசதியும் இருந்தது. மங்கை நீட்டிய வரைபடத்தைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளுடைய வயிற்றையும் பார்த்தார்.

"ஈசிஜியா சிஸ்டர்? கொயந்திக்கு ஒண்ணியும் இல்லியே?"

"கொழந்த நல்லாக் கீதுண்ணே. இது வேற," என்றாள் மங்கை.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காகிதத்தை மிகவும் பதமாக இயந்திரத்தில் நுழைத்தார். அது ஒரு முறை பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து அனுப்பினார். போய்ச் சேர்ந்ததும் அவரே பெருமூச்சு விட்டார்.

பிறகு போன். கண்ணாடிக் கூண்டுக்குள் இடம் இல்லாததால் மங்கை உள்ளே, நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே. பேராசிரியர் முதலில் குழந்தையைப் பற்றி விசாரித்தார் போலிருக்கிறது. மங்கை பதில் சொல்லிவிட்டு, நிதானமாக விஷயத்தைச் சொன்னாள்.  கட்டணம் காட்டும் மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் அவர் ஏதோ கேட்டார். மங்கை ஒரு எண்ணைச் சொன்னாள். போனை வைத்தாள்.

"எவ்வளவு அகலம்னு கேட்டார். அங்கயும் ஓட்டிப் பாத்துட்டு நாளைக்குப் பேசறேன்னார்."

மறுநாள் அதே நேரத்துக்கு அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் முக்காலி எடுத்துப் போட்டார். மங்கை போன் போட்டாள். இந்த முறை பேச்சு சீக்கிரம் முடிந்தது.

"நீ சொன்னதுதான் சரின்னார்."

"வேற என்ன சொன்னார்?"

"வெயிலா இருக்குமே, நிறைய தண்ணி குடிக்கச் சொன்னார்."

கடையை விட்டு இறங்கும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எதிரே கரும்புச் சாறு வண்டி நின்றது. மூன்று டம்ளர் வாங்கினேன், கடைக்காரருக்கும் சேர்த்து.

ஜூன் மாதம் அம்பத்தூரிலேயே பெண் குழந்தை பிறந்தது. ஜூலையில் மாநாடு. அங்கே போயிருந்த இன்னொரு மாணவர் பிறகு எங்களிடம் சொன்னார். பேராசிரியர் மேடைக்குப் போய், "நான் ஒரு செய்தி சொல்வதாக இருந்தேன். அதைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதை என் மாணவி மெட்ராஸ் பக்கத்திலிருந்து அனுப்பிய இந்தப் படம் சொல்லும்" என்று ஃபேக்ஸில் வந்த படத்தையே திரையில் போட்டாராம். ஓரத்தில் அம்பத்தூர்க் கடையின் பெயரும் தெரிந்ததாம். அந்த மனிதரையும் நான் மறக்க மாட்டேன். தன் பேச்சு அத்தனை பேர் முன்னால் பொய்யாகப் போவதை, தானே எழுந்து நின்று காட்டினார்.

7

இதெல்லாம் நடந்ததும் வேலை தேடி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. இல்லாததை இல்லை என்று நிரூபித்தவர்களுக்கு உடனே நாற்காலி போட எந்த ஊரிலும் ஆள் இல்லை. முதல் வருட மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கோட்டைப் பற்றி ஒரு நாளும் அங்கலாய்த்து நான் கேட்டதில்லை. நான்தான் சில சமயம் அலுவலகத்தில் குழாய் வரைந்துகொண்டிருக்கும்போது பொருமுவேன்.

போன வருடம் புதிய பெரிய தொலைநோக்கியில் அதே குவாசரைப் பார்த்தார்கள். கூர்மையான பதிவு. கோடு அகலமாகவே இருந்தது, ஹைட்ரஜன்தான். பேராசிரியர் அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தார். வேறு குவாசர்களில் தேடப் புதிய குழு ஒன்று அமைக்கிறார்களாம், வருவாயா என்று கேட்டார். மங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் வருகிறேன் என்றாள்.

இதோடு முடித்து அனுப்பிவிடலாம் என்று உறையில் போட்டும் வைத்துவிட்டேன். அதற்குள் போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், அலுவலகத்துக்குப் போன் வந்தது. மங்கை அலுவலகத்துக்குப் போன் செய்கிறவள் இல்லை. குழந்தைகளுக்குத்தான் என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

போனேன். பல்கலைக்கழகத்தில் அவளுடைய அறையில் ஜன்னல் திரை இறக்கியிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் வேறொரு குவாசரின் சீப்பு. ஹைட்ரஜனின் பெரிய இருட்டுப் பள்ளத்துக்கு நீலப் பக்கத்தில், முடி மாதிரி மெலிதாக ஒரு கோடு. எனக்கே அது மெலிது என்று தெரிந்தது.

"இது அதுதானா?" என்று கேட்டேன்.

மங்கை திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு இருந்தது. மேஜை முழுவதும் போட்டுப் பார்த்து அடித்த கணக்குகள். ஊரில் தம்பியிடம் பேசுகிற குரலில் மெல்லச் சொன்னாள்.

"பத்து நாளா இத்த இல்லேன்னு ஆக்கத்தாங்க பாத்துகினு கீறேன். போவ மாட்டேங்குது."